மென்பொருள் புதிது, கோப்பு பழசு

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10, ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 என்ற மூன்றுக்கும் ஒரே நாளில் ஆதரவை முடித்துக்கொண்டது. மறுநாள் காலை எந்த வீட்டிலும் எதுவும் நின்றுவிடவில்லை. வேர்டு திறந்தது, எக்செல் கூட்டியது, பிரின்டர் வழக்கம்போலப் பேப்பரைக் கடித்தது. ஆதரவு முடிந்தால் மென்பொருள் ஓடாது என்று அர்த்தமில்லை. இனிமேல் அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். ஆஃபிஸ் 2003 இந்த நிலைக்கு 2014 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. 2007 பதிப்பு 2017 அக்டோபரிலும், 2010 பதிப்பு 2020 அக்டோபரிலும், 2013 பதிப்பு 2023 ஏப்ரலிலும் வந்தன. இந்த நான்கில் ஏதாவது ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

அவர்கள் மாற வேண்டுமா? மாறுவதென்றால் எதற்கு, எப்படி? விற்பவர்கள் புதிய வசதிகளைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். வீட்டைப் பொறுத்தவரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம் என்பது என் கருத்து. விண்ணப்பக் கடிதம், பயோடேட்டா, பிள்ளைகளின் புராஜெக்ட், வரவு செலவு, சீட்டுக் கணக்கு, சங்கத்து உறுப்பினர் பட்டியல். இவ்வளவுக்கும் 2003 பதிப்பே போதும், மிச்சமும் இருக்கும். மாறுவதற்கு உருப்படியான காரணங்கள் இரண்டே. ஒன்று பாதுகாப்பு. மற்றொன்று, அடுத்தவர் அனுப்பும் கோப்பு நம் வீட்டில் திறக்க வேண்டும், நாம் அனுப்புவது அவர் வீட்டில் திறக்க வேண்டும். ஆனால் மாறும்போது வரும் தலைவலி பெரும்பாலும் இவை இரண்டிலிருந்தும் வருவதில்லை. மென்பொருளைப் புதுப்பித்தால் கோப்புகளும் சேர்ந்து புதிதாகிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அங்கிருந்து வருகிறது.

கோப்பு விஷயத்தில் 2007ஆம் ஆண்டுதான் எல்லைக்கோடு. அந்த ஆண்டு ஜனவரியில் வந்த பதிப்பில் பழைய மெனுக்கள் போய் ரிப்பன் வந்தது. எல்லோரும் திட்டியது அதைத்தான். பெரிய மாற்றம் சேமிப்பு முறையில் நடந்தது. அதுவரை டாக் கோப்பு என்பது மைக்ரோசாஃப்ட்டுக்கு மட்டுமே முழுதாக விளங்கிய ஒரு குவியல். டாக்எக்ஸ் அப்படியில்லை, அது ஒரு ஜிப் கோப்பு. சந்தேகமிருந்தால் ஒரு டாக்எக்ஸை நகலெடுத்து, பெயரின் கடைசியில் இருப்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். எழுத்தெல்லாம் எக்ஸ்எம்எல்லாக ஒரு பக்கம், படங்களெல்லாம் மீடியா என்ற ஃபோல்டருக்குள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடக்கும். வேர்டு திறக்க மறுக்கும் கோப்பிலிருந்து படங்களையாவது மீட்க இந்த வழி கைகொடுக்கும். இந்த வடிவம் 2008இல் சர்வதேசத் தரமானது. கட்டற்ற மென்பொருள்காரர்களின் ஓடிஎஃப் வடிவம் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தரமாகியிருந்தது.

எக்செலிலும் இதே கதைதான். 2003 பதிப்பு வரை ஒரு தாளில் 65,536 வரிசைகள், 256 நெடுவரிசைகள். 2007இலிருந்து 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். அப்படியானால் இன்றைய எக்செலில் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பைத் திறந்தால் எத்தனை வரிசை இருக்கும்? 65,536தான். புது மென்பொருள் பழைய கோப்பைப் பழைய அளவிலேயே நடத்தும். மேலே தலைப்பில் ‘காம்பேட்டிபிலிட்டி மோடு’ என்று சின்னதாக எழுதியிருக்கும், நாம் கவனிக்க மாட்டோம்.

கவனிக்காததற்கு ஒரு நாடே விலை கொடுத்தது. 2020 இலையுதிர் காலத்தில் கோவிட் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகளை எக்செல் கோப்புகளில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்புகள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தன. ஒருவருடைய முடிவே பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால், ஒரு கோப்பு சுமார் 1,400 நோயாளிகளோடு நிரம்பிவிட்டது. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. செப்டம்பர் 25இலிருந்து அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அந்த நாட்களில் நடக்கவில்லை. மென்பொருள் பழசு என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. கோப்பின் வடிவம்தான் பழசு. வீட்டில் யாரும் 65,000 வரிசை நிரப்பப் போவதில்லை என்றாலும், இதே சங்கதி வேறு வேடத்தில் வீட்டுக்குள்ளும் வரும்.

கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு வினாத்தாள்கள் வேர்டில் இருக்கும். வர்க்கமூலம், பின்னம், தொகையீடு எல்லாம் ‘ஈக்வேஷன் எடிட்டர் 3.0’இல் போட்டவை. அதை எழுதியது டிசைன் சயின்ஸ் என்ற நிறுவனம். மைக்ரோசாஃப்ட் உரிமம் பெற்றுத் தன் ஆஃபிஸோடு சேர்த்துக் கொடுத்தது. 2007இல் வேர்டுக்கென்று சொந்தமாக ஒரு சமன்பாட்டு வசதி வந்த பிறகும், பழைய கோப்புகள் திறக்க வேண்டுமே என்று இந்தத் துணை நிரலை எடுக்காமல் வைத்திருந்தார்கள். 2000 நவம்பரில் தொகுக்கப்பட்ட அதே நிரல், பதினேழு ஆண்டுகள் கைபடாமல் ஒவ்வொரு பதிப்போடும் பயணம் செய்தது. 2017இல் அதில் ஓட்டை இருப்பது வெளிவந்தது. மேக்ரோவை அனுமதிக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம், விஷம் வைத்த கோப்பைத் திறந்தாலே போதும், திருடன் உள்ளே வந்துவிடலாம். ஆஃபிஸின் மற்ற பகுதிகளுக்கு ஆண்டுகளாகப் போட்டு வைத்திருந்த காவல்கள் எதுவும் இந்த நிரலுக்கு இல்லை. அது தனியாக ஓடியது.

நவம்பரில் ஒட்டுப் போட்டார்கள். மேலும் ஓட்டைகள் தெரியவர, 2018 ஜனவரி அப்டேட்டில் நிரலையே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஆசிரியர்களுக்கு அன்று நேர்ந்தது விசித்திரமானது. கோப்பு திறந்தது, சமன்பாடுகள் படம் மாதிரி தெரிந்தன, அச்சிலும் வந்தன. மூன்றை நான்காக மாற்றலாம் என்று இரண்டு முறை கிளிக் செய்தால், எடிட்டர் இல்லை என்ற செய்தி. சந்தாவில் கிடைக்கும் புதிய வேர்டில் பழைய சமன்பாட்டைக் கிளிக் செய்தால் புது வடிவத்துக்கு மாற்றித் தரும் வசதியைப் பிறகு சேர்த்தார்கள். மாற்றியதை ஒருமுறை வரிக்கு வரி சரிபார்க்காமல் வகுப்புக்கு எடுத்துப் போகக்கூடாது. இடைப்பட்ட பதிப்புகளில் மாட்டிக்கொண்டவர்கள் மறுபடி தட்டச்சுதான் செய்தார்கள்.

பழைய பதிப்பை இணையத்தோடு சேர்த்து வைத்திருப்பதில் என்ன அபாயம் என்று கேட்பவர்களுக்கும் இதே நிகழ்ச்சிதான் என் பதில். ஒட்டு வந்த பிறகும் பல ஆண்டுகள் இந்த ஓட்டை வழியாகத் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஒட்டுப் போடாத கணினிகள் உலகம் முழுக்கக் கிடந்ததே காரணம். ‘கூரியர் பில்’, ‘வங்கி அறிக்கை’ என்று மெயிலில் வருகிற இணைப்புகளுக்கு வீடும் ஒன்றுதான், அலுவலகமும் ஒன்றுதான். இணையத்திலிருந்து வந்த கோப்பை மஞ்சள் பட்டையோடு, படிக்க மட்டும் திறந்து காட்டும் முறை 2010 பதிப்பில்தான் வந்தது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின் மேக்ரோக்களைத் தானாகவே தடுக்கும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. மெலிஸா வைரஸ் வேர்டு மேக்ரோ வழியாக உலகத்தின் மெயில்களை அடைத்தது 1999இல்! ஆகவே 2007ஓ அதற்கு முந்தியதோ வைத்திருப்பவர்கள், அந்தக் கணினியில் மெயிலும் பார்க்கிறார்கள் என்றால், உடனே மாறத்தான் வேண்டும். 2010, 2013 வைத்திருப்பவர்களும் தள்ளிப்போடக் கூடாது. 2016, 2019காரர்கள் பதற வேண்டியதில்லை, திட்டம் போட்டு மாறலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக உழைப்பு போகும். விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் முதன்முதலாக விண்டோஸுக்குள் வந்தது. அதற்கு முன்னும், பழக்கம் விடாததால் அதற்குப் பின் பல ஆண்டுகளும், டிடிபி சென்டரிலும் வீட்டிலும் ஓடியவை பாமினி, வானவில், திஸ்கி, டாம், டாப் வகை எழுத்துருக்கள். தமிழ்நாட்டு அரசே 1999இல் டாம், டாப் குறியாக்கங்களைத் தரமாக ஏற்றது. ஒருங்குறிக்கு அது மாறியது 2010இல். இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினிக்கு இருந்த செல்வாக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

பாமினியில் அடித்த கோப்பில் உண்மையில் தமிழே இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். சின்ன ‘எம்’ இருக்கும் இடத்தில் அந்த எழுத்துரு ‘அ’ என்று வரைந்து காட்டும். பெரிய ‘எம்’ என்றால் ‘ஆ’. வேர்டுக்கு இது தெரியாது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் விழித்திருந்தால், ‘அம்மா’ என்று நீங்கள் அடித்து ஸ்பேஸ் தட்டியதும் அது ‘ஆம்மா’ ஆகிவிடும். பழைய கணினியில் என்றோ ஒருவர் அதை அணைத்து வைத்திருப்பார். புதுப் பதிப்பு போட்டதும் அந்த அமைப்பு போய், ஆட்டோகரெக்ட் மறுபடி உயிர்பெறும். பழைய கோப்பில் ஒரு பத்தியைத் திருத்த உட்கார்ந்தவர் தன் தட்டச்சே கெட்டுப்போய்விட்டதென்று நினைப்பார். எழுத்துருவைப் புதுக் கணினிக்குக் கொண்டுவர மறந்திருந்தால் கேட்கவே வேண்டாம், பக்கம் முழுக்க அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும்தான். ஃபோனில் திறந்தாலும் அதே காட்சி. ‘அம்மா’ என்று ஒருங்குறியில் தேடினால் எதுவும் அகப்படாது.

புதிய வேர்டு இதைச் சரிசெய்யாது. அதன் வேலையும் அதுவல்ல. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கொடுக்கும் முன் எந்தக் குறியாக்கம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாமினி கோப்பைத் திஸ்கி என்று சொல்லி மாற்றினால் கிடைப்பது எந்த மொழியிலும் சேராது. இன்னொரு நுணுக்கம் வரிசை. ‘கொ’ என்பதைப் பாமினியில் பார்வைக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாக அடிப்போம். ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து. மாற்றி இவற்றை இடம் மாற்றிப் போட வேண்டும். நல்ல மாற்றிகள் போட்டுவிடும். அவை தடுமாறுவது கலப்புக் கோப்புகளில். தமிழ்ப் பத்திக்கு நடுவே ஆங்கில ரோமன் எழுத்துருவில் ஒரு முகவரி இருந்தால் அதையும் தமிழாக்கி, பொருளில்லாத எழுத்துக் கூட்டமாக்கிவிடும். ஆகவே பத்தி பத்தியாகத்தான் மாற்ற வேண்டும், அட்டவணை இருந்தால் கட்டம் கட்டமாக. ஒரு குடும்பத்தின் ஆவணம் முழுவதையும் மாற்றுவது வீண் வேலை. திருத்தவோ தேடவோ தேவைப்படுபவற்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றைப் பழைய எழுத்துரு உள்ள கணினியிலேயே, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எந்த ஃபோனிலும் படிக்கலாம்.

கணினியின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். விண்டோஸ் 7 ஓடும் கணினியில் ஏறும் கடைசி ஆஃபிஸ் 2016தான். 2019இலிருந்து விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். ஆஃபிஸை மட்டும் மாற்றலாம் என்று கிளம்பியவர் விண்டோஸை மாற்றி, கடைசியில் கணினியையே மாற்றுவது இப்படித்தான். கணினி மெதுவாக இருப்பதால் புதுப் பதிப்பு போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புதுப் பதிப்பு இன்னும் மெதுவாகத்தான் ஓடும். அந்தக் காசில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள்.

இன்னொன்று 32 பிட்டா 64 பிட்டா என்பது. 2010இல் ஆஃபிஸில் இரண்டும் கிடைத்தன. 2019 முதல் 64 பிட்தான் தானாக ஏறும். சாதாரணக் கோப்புகளுக்கு இதில் வித்தியாசம் எதுவுமில்லை. யாரோ எழுதிக்கொடுத்த மேக்ரோவோடு கூடிய பில் போடும் எக்செலோ, ஆக்செஸ் டேட்டாபேஸோ இருந்தால் வித்தியாசம் உண்டு. விண்டோஸின் உள்நிரல்களை அழைக்கும் பழைய மேக்ரோக்கள் 64 பிட்டில் திருத்தாமல் ஓடாது. ஆக்செஸ் 97 காலத்து டேட்டாபேஸை 2013 முதலான பதிப்புகள் திறக்கவே திறக்காது. இடையில் 2010ஐ வைத்து ஒருமுறை மாற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

இனி காசு. பழைய பதிப்பு வைத்திருப்பவருக்குக் குறைந்த விலையில் அப்கிரேடு என்ற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 2010 பதிப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். 2013இல் ஒருபடி மேலே போய், வாங்கிய ஆஃபிஸ் முதலில் போட்ட கணினியோடு முடிந்தது, வேறு கணினிக்கு மாற்ற முடியாது என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் அதே ஆண்டு மார்ச்சில் பின்வாங்கினார்கள். லேப்டாப்போடு வந்த உரிமம் இன்றும் அந்த லேப்டாப்போடுதான் போகும். பழையதை விற்றுவிட்டு ஆஃபிஸை மட்டும் கையில் வைத்துக்கொள்ள முடியாது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீ பற்றி அதிகம் பேச வேண்டாம். நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்ததை உதிரியாக விற்பதுதான் அதில் பெரும்பாலும் நடக்கிறது. என்றைக்கு முடக்கப்படும் என்று விற்பவருக்கே தெரியாது. கிராக் போடுவதைப் பற்றி இன்னும் குறைவாகப் பேசலாம்: பாதுகாப்புக்காகப் புதுப் பதிப்புக்கு மாறுகிறவர், முகம் தெரியாதவரின் நிரலை ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஒரே தவணையில் வாங்குவதா, சந்தாவா? 2024 அக்டோபரில் வந்த ஆஃபிஸ் 2024க்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. மைக்ரோசாஃப்ட் 365 என்ற சந்தாவில் எப்போதும் புதியது இருக்கும், ஒரு டெராபைட் ஒன்டிரைவ் இடமும் கிடைக்கும். சந்தா தீர்ந்தால் கோப்பைத் திறக்கலாம், அச்செடுக்கலாம், திருத்த முடியாது. நான்கைந்து பேர் பகிரும் குடும்பத்துக்குச் சந்தா கட்டுப்படியாகும். மாதத்துக்கு இரண்டு கடிதம் அடிக்கிற வீட்டுக்கு அது அநியாயச் செலவு. விலையும் நம் கையில் இல்லை. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துக் கட்டணத்தை ஏற்றியபோது, அது இல்லாத பழைய விலைத் திட்டமும் இருக்கிறது என்பதை மறைத்ததாக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் நீதிமன்றம் போனது. ரத்து செய்யும் பொத்தான் வரை போனவர்களுக்குத்தான் அந்தத் திட்டம் கண்ணில் பட்டதாம். சம்பந்தப்பட்ட சந்தாதாரர்கள் சுமார் 27 லட்சம்.

காசே கொடுக்காத வழியும் உண்டு, பெரும்பாலான வீடுகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஓபன் ஆஃபிஸிலிருந்து 2010 செப்டம்பரில் பிரிந்து வந்த லிப்ரெஆஃபிஸ் இலவசம். தமிழ் இடைமுகமும் இருக்கிறது. பழைய கோப்புகளைத் திறப்பதில் மைக்ரோசாஃப்ட்டையே மிஞ்சும். வீட்டுக் கணினிகளோடு ஒரு காலத்தில் வந்த மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ் கோப்புகளையும் லிப்ரெஆஃபிஸ் திறக்கும். குறை இல்லாமல் இல்லை. மேக்ரோக்கள் அரைகுறையாக ஓடும். காலிப்ரி எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், அதே அகலமுள்ள கார்லிட்டோவைப் போட்டுச் சமாளிக்கும். சமாளித்தும், வேர்டில் ஒரு பக்கத்தில் நின்ற பயோடேட்டா சில சமயம் இரண்டாம் பக்கத்தில் இரண்டு வரி தள்ளும். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப்பாக அனுப்பினால் இந்தச் சங்கடம் இல்லை. பக்கம் பிதுங்காது என்பதற்கு வேர்டுக்கு வேர்டு மாறினாலும் உத்தரவாதமில்லை. வேர்டின் இயல்பு எழுத்துருவாக 2007இல் டைம்ஸ் நியூ ரோமன் போய் காலிப்ரி வந்தது, 2023இல் காலிப்ரி போய் ஆப்டோஸ் வந்தது. பிரௌசரிலேயே எழுத விரும்புபவர்களுக்கு கூகுள் டாக்ஸும், அதற்கு முந்திக்கொண்டு 2005இலேயே வந்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ரைட்டரும் இருக்கின்றன. நெட் இல்லாத நேரத்தில் இவற்றை நம்பி உட்கார முடியாது. அலுவலகக் கோப்பில் திருத்தக் குறிப்புகளோடு வேலை செய்கிறவர், மேக்ரோ எக்செலில் வயிறு வளர்க்கிற கணக்காளர், இவர்களுக்கு மட்டும் அசல் ஆஃபிஸே தேவை.

எதற்கு மாறினாலும், பழையதை அழிப்பதற்கு முன் அதைக் கொண்டே செய்ய வேண்டியவை உண்டு. கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பதை எல்லோரும் சொல்வார்கள். நகலெடுக்க மறப்பது அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பை. ‘மை டாக்குமென்ட்ஸ்’க்குள் இருக்கும் என்று நம்பி ஃபார்மேட் அடித்து, பத்தாண்டு மெயிலைத் தொலைத்தவர்கள் உண்டு. அதற்கடுத்து ஃபாண்ட்ஸ் ஃபோல்டர், வேர்டின் நார்மல் டெம்ப்ளேட், நாமாகச் சேர்த்த சொற்கள் உள்ள அகராதி. பாஸ்வேர்டு போட்ட கோப்புகளைப் பழைய பதிப்பிலேயே திறந்து பார்த்து, நினைவிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 2003 வரையிலான பூட்டுகள் பலவீனமானவை, அவற்றைப் புதிய வடிவத்தில் புதிய பாஸ்வேர்டோடு சேமிப்பதே சரி. டாக் கோப்பை டாக்எக்ஸ் ஆக்க ஃபைல் மெனுவின் இன்ஃபோவில் ‘கன்வெர்ட்’ இருக்கிறது. நகலில் மட்டும் செய்யுங்கள், அசல் அப்படியே இருக்கட்டும். பழைய கணினி ஓடும் நிலையில் இருந்தால் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கோப்பு திறக்கும் இயந்திரமாக ஓராண்டு மூலையில் வைத்திருக்கலாம்.

பப்ளிஷரில் திருவிழா நோட்டீசும் அழைப்பிதழும் அடித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நேரம் குறைவு. 2026 அக்டோபரோடு அந்த மென்பொருளுக்கு ஆதரவு முடிகிறது, அதன் பிறகு சந்தாக்காரர்கள் பப்ளிஷர் கோப்புகளைத் திறக்க முடியாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. வடிவம் முக்கியமென்றால் அதற்குள் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ள வேண்டும். பின்னாளில் தேதியையும் பெயரையும் மாற்றி மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால், லிப்ரெஆஃபிஸ் டிரா அந்தக் கோப்புகளைத் திறக்கும். பெட்டிகள் கொஞ்சம் இடம் மாறி இருக்கும், கையால் நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.